நாச்சியப்பனுக்கு நான் அடித்துக் கொடுத்த சான்றிதழ்

கல்லூரி அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எட்டுப் பேரும் கெட்டிக்காரர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நானும் கெட்டிக்காரியாகத்தான் உள்ளே வந்தேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. மந்தமான கிளார்க்கிடம் மாட்டிய பையனுக்கு ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். சுறுசுறுப்பான கிளார்க்கிடம் மாட்டினால் மெடிக்கல் சீட்டே கையை விட்டுப் போய்விடலாம். நான் அந்த இரண்டாவது ரகம்.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சாக்கோட்டைப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். அந்த அலுவலகத்தில் நான்தான் முதல் பெண் என்பதால், என் நாற்காலியை எங்கே போடுவது என்று மூன்று நாள் ஆலோசனை நடந்தது. கடைசியில் ஜன்னலோரம் போட்டார்கள். அந்த ஜன்னல்தான் பையன்கள் வந்து நிற்கும் கவுண்டர். அதனால் எல்லாருடைய வயிற்றெரிச்சலும் எல்லாருடைய கனவும் முதலில் என் காதில்தான் விழுந்தது.

அப்போது பி.யு.சி. என்று ஓராண்டுப் படிப்பு. அதை முடித்துவிட்டு மெடிக்கலுக்கு மனுப் போடுவார்கள். மார்க் மட்டும் போதாது. தேர்வுக் குழுவின் முன் நேர்முகத்துக்குப் போய் நிற்க வேண்டும், அங்கே போடுகிற மார்க்கையும் சேர்த்துத்தான் இடம். ஜூன் மாதம் வந்துவிட்டால் எங்கள் கவுண்டரில் கூட்டம் திருவிழாதான். ஒரு பையன் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தன் தலையை மட்டும் வெட்டி மனுவில் ஒட்டிக்கொண்டு வந்தான். தோளில் யாரோ ஒரு மாமாவின் கை அப்படியே இருந்தது. இன்னொருவன் 'எதற்காக மருத்துவம் படிக்க விரும்புகிறாய்' என்ற இடத்தில் 'அப்பா சொன்னார்' என்று எழுதியிருந்தான். அவன் ஒருவன்தான் அந்த வருஷம் உண்மை எழுதியவன் என்று நினைக்கிறேன்.

ஊரில் நேர்முகத்துக்கு யோசனை சொல்லாதவர்கள் கிடையாது. வாழ்நாளில் ஒரு நேர்முகத்துக்கும் போகாதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். "கிராமத்துல போயி சேவை செய்யணும்னு சொல்லுப்பா, அதுக்குத்தான் மார்க்கு" என்று டீக்கடையிலிருந்து கோயில் வாசல் வரை ஒரே பாடம். எல்லாப் பையன்களும் அதையே ஒப்பித்துவிட்டு வந்தார்கள். கேட்டுக் கேட்டு அந்த டாக்டர்களுக்குக் கிராமத்தின் மீதே வெறுப்பு வந்திருக்கும்.

எனக்கு மேலே இருந்த தலைமை கிளார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. நான் தப்பாக அடித்த எழுத்தை பிளேடால் சுரண்டி, மேலே சரியான எழுத்தை அடித்து, தப்பு நடந்த சுவடே இல்லாமல் செய்துவிடுவேன். அதில் எனக்குப் பெரிய கர்வம். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "தாயி, அடிச்சுத் திருத்துனா அடிச்சது தெரியணும். தெரிஞ்சா ஒருத்தன் கேப்பான், நாம பதில் சொல்லிரலாம். தெரியலைன்னா கேக்காமயே சந்தேகப்படுவான்." மனுஷர் பழைய காலத்து ஆள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இனி நாச்சியப்பன். கொத்தமங்கலத்துப் பையன். நகரத்தார் வீடு, வீடு பெரிது, வருமானம் சிறிது. அப்பச்சி என்று அவன் கூப்பிட்ட தகப்பனார் சாத்தப்பன், பையனுக்குப் பத்து வயதிருக்கும்போது தவறிவிட்டார். அண்ணன் பினாங்கில் ஒரு கடையில் இருந்தான். ஆத்தா தனியாளாக நின்று படிக்க வைத்தார். உயிரியலில் கல்லூரியிலேயே அவன்தான் முதல். பேச்சு மட்டும் வராது. ஒரு சான்றிதழ் வாங்க வந்தால்கூட, முன்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுவிட்டுக் கடைசியில்தான் வாயைத் திறப்பான்.

அவன் மனுப் போட்டது ஜூனில். நேர்முகக் கார்டு வருவதற்குள் அவன் வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. ஒக்கூரில் வைரவன் செட்டியார் என்று ஒருவர், குழந்தை இல்லாதவர், அவனைப் பிள்ளை கூட்டிக்கொண்டார். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிள்ளை இல்லாத வீட்டார் தங்கள் கோயிலைச் சேர்ந்த இன்னொரு வீட்டிலிருந்து ஒரு பையனைத் தத்து எடுப்பது இங்கே உண்டு. கைக்குழந்தைதான் என்றில்லை, மீசை முளைத்தவர்களும் போவார்கள். பங்காளிகள் முன்னால் மஞ்சள் நீர் குடித்துவிட்டால் முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவள் அதற்கப்புறம் உரிமை பேச மாட்டாள். அது எழுதி வைத்த சட்டமில்லை, வாக்கு. எழுதி வைத்த சட்டத்தை மீறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வாக்கை மீறியவர்களைப் பார்த்ததில்லை.

மஞ்சள் நீர் குடித்த நாலாம் நாள் வைரவன் செட்டியார் பையனைக் கூட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். அன்று தலைமை கிளார்க் லீவு.

"பெரிய கிளார்க் இல்லையா தாயி?"

"மக கல்யாணத்துக்குப் போயிருக்காருங்கய்யா. என்ன வேணும்னு சொல்லுங்க."

"இது எம் பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே புதிதாக இருப்பதுபோல் கொஞ்சம் நின்றார். "மதுரையில டாக்டர் படிப்புக்கு நேர்முகம் வச்சிருக்காக. நாளான்னைக்கு. காலேஜுல குடுத்த நன்னடத்தைப் பத்திரத்துல பழைய பேரு இருக்கு. அதை எம் பேருக்கு மாத்தித் தரணும்."

"அதுல என்னங்கய்யா இருக்கு..." என்று நான் தொடங்கினேன்.

"இருக்கு தாயி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசமா ஒரு காகிதத்துலயும் தகப்பன்னு எம் பேரு வந்ததில்ல."

அதற்கு மேல் என்னால் விதிமுறை யோசிக்க முடியவில்லை. அந்தப் பெரிய மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை என்னை என்னவோ செய்துவிட்டது. காகிதத்தைச் சொருகினேன்.

பின்னால் நின்ற பையன், "அக்கா, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல..." என்று இழுத்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி" என்றேன். அவன் வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை. பேசவே பேசாத பையன் ஒருவன் வாயைத் திறக்கிறானே, என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வைரவன் அவர்களின் மகன் வை. நாச்சியப்பன் என்று, ஒரு எழுத்துப் பிசகாமல், பளிச்சென்று அடித்தேன். பழைய சான்றிதழை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இரண்டு இருந்தால் குழப்பம் வருமாம். முதல்வர் மேஜையில் இருந்த கட்டோடு கட்டாக வைத்தேன். நான் அடித்த காகிதத்தை அவர் படித்துப் பார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்தாகி வந்தது. செட்டியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட சாப்பாடு ருசியாக இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் முதல்வர் அறையில் டெலிபோன் மணி அடித்தது. மதுரையிலிருந்து டிரங்கால். சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். தேர்வுக் குழுவில் மூன்று டாக்டர்கள். பையனின் மார்க் பட்டியலும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் சாத்தப்பன் மகன் நாச்சியப்பன் என்கின்றன. நன்னடத்தைச் சான்று வைரவன் மகன் நாச்சியப்பன் என்கிறது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு நாச்சியப்பன். ஒரு நாச்சியப்பனின் மார்க்கை வைத்துக்கொண்டு இன்னொரு நாச்சியப்பன் வந்து உட்கார்ந்திருக்கிறானோ என்று அவர்களுக்குச் சந்தேகம். வராமல் என்ன செய்யும்? தலைவர், "உன் தகப்பனார் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். "வைரவன்" என்றிருக்கிறான். "அப்படியானால் சாத்தப்பன் யார்?" என்று அடுத்த கேள்வி. பையன் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டும் திறக்கவில்லை. வெளியே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பதினோரு மணிக்குள் கல்லூரியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டோடு பொறுப்பான ஒருவரும், பையனைப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருவரும் வர வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி. மறுநாளோடு குழு கலைகிறது.

முதல்வர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. என்னையே பார்த்தார். "பதிவேடு இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு விதி இருக்கும்மா. இன்னைக்கு நான் அதை மீறுறேன். நீ அடிச்சது. நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருவர் என்றால் யாரை அழைத்துப் போவது? பங்காளி ஒருவரைக் கூப்பிடலாம். பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடலாம். ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு ஒரே முகம்தான் வந்தது. அது நியாயமா என்றுகூட நான் நினைக்கவில்லை. அட்டெண்டரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் கொத்தமங்கலம் போனேன். வெயில் இன்னும் சாயவில்லை.

அந்த வீட்டு வளவில், உள்முற்றத்துத் தூண்களுக்கு நடுவே, நாச்சியப்பனைப் பெற்ற ஆச்சி ஒரு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சீலை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பு உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தவர், "பிள்ளை சாப்பிட்டானாமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"தெரியலைங்க ஆச்சி. நீங்க வரணும். வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் எப்படி வர? விட்ட பிள்ளைக்குப் பின்னால போயி ஆத்தான்னு நின்னா, கூட்டிக்கிட்டவுக மனசு என்ன பாடுபடும்? சாமிக்கு முன்னாடி குடுத்த வாக்கு தாயி."

"சீட்டு போயிருமே ஆச்சி."

"அதோட, இது நல்ல காரியம். இந்தக் கோலத்துல நான் எதிர வரலாமா?" என்று தன் சீலையைக் காட்டினார்.

எனக்கு இருபத்து நாலு வயது. "நீங்க வரலைன்னா அவன் டாக்டராக முடியாது. நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்" என்று மட்டும் சொன்னேன். சொன்னபிறகுதான் அது மிரட்டல் மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது. ஆச்சி முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

காலையில் பதிவேட்டைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இடத்தில் என் குடை. யாரும் உட்காராமல் இருக்க அதற்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்று கண்டக்டரிடம் சண்டை. வண்டி உறுமிக் கிளம்பப் போகும்போது ஒரு வில்வண்டி வந்து நின்றது. ஆச்சி இறங்கினார், கையில் ஒரு துணிப்பை. ஏறி வந்து குடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாரேன். ஆனா நான் அவனுக்கு யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார்.

மதுரையில் அந்தக் கட்டடத்து வராந்தாவில் வைரவன் செட்டியார் இருந்தார். ஒரே நாளில் வயதாகிப்போன முகம். "நாந்தான் தாயி பேராசைப்பட்டேன்" என்றார் என்னைப் பார்த்ததும். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அழுகை வந்தது. அவர் பக்கத்தில் அவர் மனைவி ஒக்கூர் ஆச்சி, தூக்குச் சட்டியோடு. பெஞ்சின் கடைசியில் பையன். பெற்ற ஆத்தாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவனுக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தான். கொத்தமங்கலத்து ஆச்சி அவனைத் தாண்டிப் போய், "வாங்க ஆச்சி" என்று ஒக்கூர் ஆச்சியின் கையைத்தான் பிடித்தார். வந்தவர் இவர், வாங்க என்று சொன்னதும் இவர்தான். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கல்லூரி சார்பில் நான், அடையாளம் சொல்லக் கொத்தமங்கலத்து ஆச்சி, நடுவில் பையன். பதிவேட்டைப் பிரித்து வைத்தேன். "சான்றிதழ் நான்தான் சார் அடிச்சேன். பழைய பேரையும் சேர்த்துப் போட்டு விவரம் எழுதியிருக்கணும். என் தப்பு. பையனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றேன். தலைவர் வயதானவர், தடித்த கண்ணாடி. "யார் சொல்லி மாத்தினே?" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த செட்டியாரின் முகம் நினைவுக்கு வந்தது. "யாரும் சொல்லலை சார். நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டேன்" என்றேன். என் வேலைக் காலத்தில் நான் சொன்ன ஒரே பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் வருத்தப்படாத பொய் அது.

தலைவர் ஆச்சியிடம் திரும்பினார். "நீங்க இந்தப் பையனுக்கு யாரும்மா?"

ஆச்சி பேசவில்லை.

"சொல்லுங்க. நீங்க சொல்றதை வச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும்."

ஆச்சி தரையைப் பார்த்தார். பையனின் உதடு அசைந்தது. ஆச்சி நிமிர்ந்து அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அவனும் பேசவில்லை. அங்கே ஒரு சீட்டு போய்க்கொண்டிருந்தது. ஆத்தாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து, யாரோ ஒருவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக அதைப் போகவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "நீங்க இருங்க" என்று தலைவர் கையைக் காட்டினார்.

குழுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அதுவரை ஒன்றும் பேசாதவர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாம் எல்லாரும் மச்சம் என்று எழுதிவிட்டு மறந்துபோகும் வரி. அதைப் படித்தார். பிறகு ஆச்சியைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோல் கேட்டார்:

"வலது முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்காமே. அது எப்படிம்மா வந்துச்சு?"

ஆச்சியின் முகம் மாறியது.

"அது அரிவாமணை பட்டதுங்க" என்றார். "ரெண்டு வயசு முடியல. வளவுல காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். பால் பொங்குதுன்னு உள்ள ஓடிட்டேன். மடக்கி வைக்காமப் போயிட்டேன். எம் புத்தி. திரும்பி வாரேன், காலெல்லாம் ரத்தம். வண்டி கட்ட ஆள் இல்ல. இடுப்புல போட்டுக்கிட்டு பள்ளத்தூர் வரைக்கும் நடந்தே போனேன். நடந்தேனா ஓடினேனான்னு தெரியல. நாலு தையல் போட்டாக. நாந்தான் கத்தினேன், இவன் கத்தல. என் சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு அந்த டாக்டர் கையையே பாத்துக்கிட்டு இருந்தான்."

சொல்லும்போது அவர் கை தன் கழுத்துக்குப் போனது. அங்கே இப்போது சங்கிலி இல்லை. கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். "இன்னைக்கும் மழைக்காலத்துல அந்த இடத்துல அரிக்கும் இவனுக்கு" என்று முடித்தார்.

பையன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போதும்மா. நீங்க ரெண்டு பேரும் வெளியே இருங்க. இந்தப் பையனை நாங்க இன்னும் பாடத்துல ஒண்ணுமே கேக்கலையே" என்றார்.

இவ்வளவு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வேலை நுணுக்கம் என்று ஒன்று உண்டானால் அது அந்தப் பெண் டாக்டர் கேட்ட கேள்விதான். உங்கள் கவுண்டரிலும் ஒருவர் வந்து நிற்பார். கேட்டதற்குப் பதில் வராது. திமிர் என்று நினைப்பீர்கள், திருட்டுத்தனம் என்று நினைப்பீர்கள். குரலை உயர்த்தாதீர்கள். அவரால் பதில் சொல்ல முடிகிற கேள்வியாகத் தேடிக் கேளுங்கள். நான் அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தேன். எனக்கு ஒரு மெமோவும் கிடைத்தது, நியாயமான மெமோ. தலைமை கிளார்க் லீவு முடிந்து வந்து அதைக் கோப்பில் சேர்த்தார். அன்று மட்டும் எனக்குத் தன் காசில் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்தோம். ஒக்கூர் ஆச்சி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். "உள்ள என்ன கேட்டாக மீனா?" என்று கொத்தமங்கலத்து ஆச்சியைப் பேர் சொல்லிக் கேட்டார். அவர் தழும்புக் கதையை மறுபடி சொன்னார். ஒக்கூர் ஆச்சி ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் கால், எத்தனை தையல், அப்புறம் நடக்கக் கஷ்டப்பட்டானா.

"எனக்கு இவனைப் பத்தி ஒண்ணுமே தெரியல மீனா" என்றார். "பதினேழு வருசத்தை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். நீ சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. தாயி, உன்கிட்ட தாளு இருக்கா? எழுதிக்க."

என் பையில் சுருக்கெழுத்து நோட்டு இருந்தது. எடுத்தேன். கொத்தமங்கலத்து ஆச்சி கொஞ்சம் தயங்கினார். பிறகு சொல்லத் தொடங்கினார். கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டான். பேச்சு இன்னும் குறையும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பரீட்சை நாளில் சோறு இறங்காது, மோர் கொடுத்தால் குடிப்பான். இடி இடித்தால் பயமில்லை என்பான். நம்பாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவன் அப்பச்சி திதியன்று யாரிடமும் பேச மாட்டான். அன்று ஒரு நாள் விட்டுவிட வேண்டும். நான் எழுதினேன். என் கண் மறைத்ததில் இரண்டு வரி கோணலாகப் போனது. அந்தத் தாளை நான் சுரண்டித் திருத்தவில்லை, அப்படியே கொடுத்தேன்.

"வெளியில போயிட்டு வந்தா வாசல்லயே நின்னு கூப்பிடுவான், ஆச்சி. உடனே என்னன்னு கேட்டுறணும். கேக்காட்டி உள்ள வர மாட்டான். நின்ன இடத்துலயே நிப்பான். சின்னதுல இருந்தே அப்படித்தான்."

ஒக்கூர் ஆச்சி குரலைத் தாழ்த்தினார். "இன்னும் என்னை ஒண்ணும் கூப்பிடல மீனா. இங்க பாருங்கங்கிறான், அவ்வளவுதான்."

"கூப்பிடுவான் ஆச்சி. அவனுக்கு நேரமாகும்."

கதவு திறந்தது. நாச்சியப்பன் நிலைப்படியில் நின்றான். முகமெல்லாம் வேர்வை. கண் மட்டும் பளபளவென்று இருந்தது. எங்களைப் பார்த்து, "ஆத்தா" என்றான்.

அவன் யாரைக் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். கொத்தமங்கலத்து ஆச்சிக்கும் தெரியும். அவர் உடம்பு ஒரு கணம் எழுந்திருக்கப் பார்த்தது. நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. காலடியில் இருந்த துணிப்பையின் மேல் குனிந்துகொண்டார்.

"ஆத்தா" என்றான் மறுபடி. நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

ஒக்கூர் ஆச்சி அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். காத்திருந்தார். அது நிமிரவில்லை.

"என்னய்யா?" என்றார் ஒக்கூர் ஆச்சி. குரல் பாதியில் உடைந்துவிட்டது.

பையன் அவரைப் பார்த்தான். பிறகு நிலைப்படியைத் தாண்டி அவரிடம் வந்தான். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன் ஆத்தா. காலேஜ் திறக்கிறப்ப இவ்வளவு பேரைக் கூட்டிக்கிட்டு வராதே, தனியா வந்து சேருன்னு சொன்னாக" என்றான். நான் அவனிடமிருந்து கேட்ட மிக நீளமான பேச்சு அது. வைரவன் செட்டியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வந்த பட்டியலில் அவன் பேர் இருந்தது.

கொத்தமங்கலத்து ஆச்சி அப்போதும் நிமிரவில்லை. முடிந்திருந்த துணிப்பையை அவிழ்த்தார், மறுபடி முடிந்தார்.